துணிக்கொடியில் விழுந்த வெள்ளைக் கல்

பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறையில் கல்லைச் சீவுவது அவளுடைய வேலை. எந்த மலையிலிருந்து எந்தக் கல் வந்தாலும் அதை வைர ரம்பத்தில் துண்டு போட்டு, கண்ணாடிப் பட்டையில் பசை வைத்து ஒட்டி, தேய்த்துத் தேய்த்துத் தலைமுடியின் கனத்தில் பாதிக்குக் கொண்டுவந்துவிடுவாள். அந்தக் கனத்தில் கருங்கல்லுக்குள்ளும் வெளிச்சம் புகுந்துவிடும். அதற்குப் பிறகு நுண்ணோக்கியில் பார்ப்பவர்கள் பார்ப்பார்கள், கட்டுரை எழுதுபவர்கள் எழுதுவார்கள். பத்தொன்பது வருஷமாக இதே வேலை. அப்படித் தேய்த்தெடுத்த மெல்லிய துண்டுக்குச் சில்லு என்று பேர்; அதனால் துறையில் எல்லாருக்கும் அவள் ‘சில்லக்கா’. அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் புழங்கியது.

வீட்டில் அவளும் மாமியாரும் மட்டும். கணவன் கப்பலில் இயந்திரப் பொறியாளர். எட்டு மாதம் கடல், மூன்று மாதம் கரை. மாமியார் முப்பத்திரண்டு வருஷம் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கு அவர் இன்னமும் ‘சிஸ்டர்’தான். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் அவரிடம் வந்து நெற்றியைக் காட்டிவிட்டுத்தான் டாக்டரிடம் போவார்கள்.

இரண்டு பேருக்கும் சண்டை என்று யாரும் சொல்லிவிட முடியாது. சண்டை போட்டிருந்தாலாவது பேச்சுவார்த்தை இருந்திருக்கும். ஆறு வருஷத்துக்கு முன் மாமியார் இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரமே சமையலறை டப்பாக்கள் அத்தனைக்கும் பெயரும் தேதியும் எழுதி ஒட்டிவிட்டார். மருமகள் வாயைத் திறக்கவில்லை. ஒரு மாதம் கழித்துத் தன் டப்பாக்களை மட்டும் தனி அலமாரிக்கு மாற்றிக்கொண்டாள். மாமியாரும் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து ‘சாப்பிட்டாச்சா’, ‘கதவைச் சாத்தியாச்சா’, ‘அடுப்பை அணைச்சாச்சா’ என்ற மூன்று கேள்விகளில் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வியாழக்கிழமை மாலை, வேலை முடிந்து வந்தவளை மாமியார் வாசலிலேயே நிறுத்தினார்.

“செருப்பைக் கழட்டாத. மாடிக்கு வா.”

“என்னத்தை, டேங்க் வழியுதா?”

“வானத்துலேருந்து கல்லு விழுந்திருக்கு.”

சொன்ன தோரணையில் ஒரு பரபரப்பும் இல்லை. மூன்றாம் படுக்கை நோயாளிக்கு வாந்தி நின்றுவிட்டது என்று டாக்டரிடம் சொல்வதைப் போலச் சொன்னார்.

மொட்டை மாடியில் துணிக்கொடி. அதன் கீழே தரையில் ஒரு ஓடு நட்சத்திரம் போல விரிசல் விட்டிருந்தது. மாமியார் சுண்ணக்கட்டியால் அதைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருந்தார். காய்ந்த படுக்கை விரிப்புகளை எடுக்க வந்தாராம். கையை நீட்டும்போது ஒரு சீறல். எதிரே தொங்கிய விரிப்பு படக்கென்று உதறிக்கொண்டது. கீழே பார்த்தால் கல்.

கீழே வந்ததும் தன் அறையிலிருந்து எவர்சில்வர் டிரம் ஒன்றை எடுத்து வந்தார். ஒரு காலத்தில் கொதிக்க வைத்த பஞ்சும் கட்டுத்துணியும் வைத்திருந்த டிரம். மூடியைத் திறந்தால், காயத்துக்குக் கட்டும் காஸ் துணி மெத்தையில், பிறந்த குழந்தையைப் படுக்க வைத்த மாதிரி ஒரு கல். உள்ளங்கைக்குள் அடங்கும். மேலே தேநீர்க் கோப்பைக்குப் பூசியதைப் போலப் பழுப்பான கண்ணாடிப் பூச்சு. ஒரு மூலையில் உடைந்திருந்தது. அங்கே உள்ளே சுண்ணாம்பு வெள்ளை, நடுநடுவே சாம்பல் புள்ளிகள்.

மருமகள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தைப் பிடுங்கி வந்து கல்லின் பக்கம் காட்டினாள். கல் கண்டுகொள்ளவே இல்லை.

“அத்தை, விண்கல்லுன்னா வெளியில கறுப்பா இருக்கும். காந்தம் பிடிக்கும். இது ஏதோ பீங்கான் உடைஞ்ச மாதிரி இருக்கு. பின்பக்கம் கட்டட வேலை நடக்குதுல்ல, அங்கேருந்து யாராவது...”

“எறிஞ்சா பக்கவாட்டுல வரும். இது நெட்டுக்குத்தா வந்தது. நான் பார்த்துட்டு நின்னேன்.”

“தொட்டுப் பார்த்தீங்களா? சூடா இருந்ததா?”

“புறங்கையை வச்சுப் பார்த்தேன். ஜில்லுன்னு இருந்தது.”

அதோடு மருமகளுக்கு இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. “எரிஞ்சுகிட்டே வர்ற கல்லு எப்படித்தை ஜில்லுன்னு இருக்கும்?”

“எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. எப்படி இருந்ததுன்னுதான் தெரியும்.”

மறுநாள் டிரம்மைத் துணிப்பையில் வைத்துத் துறைக்கு எடுத்துப் போனாள். பேராசிரியர் நல்ல மனிதர். ஆனால் விண்கல் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். வருஷத்துக்கு இருபது பேராவது ஏதாவது ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அத்தனையையும் ஒரு இழுப்பறையில் போட்டு, அதற்கு ‘ஆசைக்கற்கள்’ என்று சீட்டு ஒட்டியிருந்தார். இதைக் கையில் வாங்கி, உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் வைத்து, இப்படியும் அப்படியும் திருப்பினார்.

“கசடும்மா. இரும்பு உருக்குற ஆலையில மேல மிதக்குமே, அது. லாரியில அள்ளிட்டுப் போய் ரோட்டுக்குக் கொட்டுவாங்க. பறவை ஏதாவது தூக்கிப் போட்டிருக்கும். உங்க மாமியார்கிட்ட மனசு நோகாம சொல்லுங்க.”

மனசு நோகாமல் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. சாப்பிட உட்காரும்போது போட்டு உடைத்துவிட்டாள்.

“எவ்வளவு நேரம் பார்த்தார்?” என்றார் மாமியார்.

“ஒரு நிமிஷம் இருக்கும்.”

“ஒரு நிமிஷத்துல நாடியைத்தான் எண்ணலாம். நோயைச் சொல்ல முடியாது.” தட்டை ஒதுக்கி வைத்துவிட்டுக் கேட்டார்: “நீயும் நம்பல, இல்ல?”

அவள் குனிந்து சாதத்தைப் பிசைந்தாள். மாமியார் கையைக் கழுவிக்கொண்டு அறைக்குப் போய்விட்டார். கதவு சத்தமில்லாமல்தான் சாத்திக்கொண்டது. ஆனால் ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கதவு தன் முகத்தில் சாத்தப்பட்டதாக அவளுக்கு உறைத்தது.

டிரம்மை எடுத்து வைக்கப் போனபோதுதான் காஸ் துணிக்கு அடியில் ஒரு தாள் இருப்பதைப் பார்த்தாள். மருத்துவமனையில் கட்டில் தலைமாட்டில் தொங்குமே, அந்த மாதிரி கட்டம் கட்டி எழுதிய கேஸ் ஷீட்.

‘காலை 10.38. மூன்று சத்தம், ஒன்றன்பின் ஒன்றாக. மேகம் இல்லை. 10.40 (சுமார்). சீறல். விரிப்பு கிழிந்தது. கல் தரையில். 10.42. புறங்கை வைத்துப் பார்த்தது: குளிர்ச்சி. 10.45. கையுறை போட்டு எடுத்தது. தண்ணீர் படவில்லை. எடை 236 கிராம், சமையலறைத் தராசு. உடைந்த இடத்தில் லேசான வாசனை, தீக்குச்சி உரசியது போல. 11.00. மாற்றமில்லை. 12.00. மாற்றமில்லை. 1.00. மாற்றமில்லை.’

இப்படியே மாலை ஐந்து வரை மணிக்கொரு தடவை மாற்றமில்லை. அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிரித்துக்கொண்டே மறுபடி படித்தாள். மூன்றாம் தடவை படிக்கும்போது ‘சுமார்’ என்ற சொல்லில் கண் நின்றுவிட்டது. கதை கட்டுகிறவர் எதற்காக அடைப்புக்குறிக்குள் சுமார் என்று எழுதுகிறார்?

திங்கட்கிழமை மதியம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், கல்லின் உடைந்த மூலையை ரம்பத்தில் கொடுத்தாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. வழக்கம் போலத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள்; ரம்பம் சூடேறாமல் இருக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ரம்பம் கல்லில் பதிந்து இரண்டு விநாடி ஆகியிருக்காது. குப்பென்று அழுகிய முட்டை நாற்றம்.

பத்தொன்பது வருஷத்தில் அந்த அறையில் என்னென்னவோ வாசனை வந்திருக்கிறது. ஈரமண், எண்ணெய், சில தாதுக்களை அறுத்தால் வெடிமருந்து நெடி. முட்டை நாற்றம் வந்ததே இல்லை. கை தானாகப் பொத்தானை அமுக்கியது. கல்லை உருவி, உறிஞ்சும் தாளில் ஒற்றி, விளக்கடியில் பிடித்தாள். வெட்டிய முகத்தில் கடுகைவிடச் சின்னதாகச் சில பழுப்பு மணிகள். ஈரம் பட்ட இடத்தில் அவை பொடிந்து, குழி விழுந்துகொண்டிருந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று காணாமல் போனது.

தண்ணீர் பட்டால் கரைந்துவிடும் மணி ஒரு கல்லுக்குள் இருக்கிறது என்றால், அந்தக் கல் மழையையே பார்த்ததில்லை. பூமியில் மழையைப் பார்க்காத கல்லுக்கு எங்கே போவது? மாமியார் எழுதி வைத்திருந்தாரே, தண்ணீர் படவில்லை என்று. பட வைத்தது அவள்தான்.

அன்று மாலை செருப்பைக்கூடக் கழற்றாமல் மாமியார் எதிரில் போய் நின்றாள்.

“அத்தை, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். உங்க கல்லைத் தண்ணி விட்டு அறுத்துட்டேன். ஒரு ஓரம் கெட்டுப்போச்சு.”

மாமியார் பத்திரிகையை மடித்து வைத்தார். அவளுடைய கையைப் பிடித்து இழுத்து முகர்ந்தார். “முட்டை.”

“ஆமாம்.”

“எவ்வளவு போச்சு?”

“நகத்தளவு.”

“பொழைச்சுக்கும்,” என்றார் மாமியார். பிறகு, “இனிமே எதை விட்டு அறுப்ப?”

“தண்ணி கலக்காத ஆல்கஹால். வேதியியல் துறையில கேட்டிருக்கேன். மெதுவா சுத்துற ரம்பம் ஒண்ணு இருக்கு, அதுல. ஒரு சில்லுக்கு ஒரு நாள் பிடிக்கும்.”

“ஜன்னலைத் திறந்து வச்சுக்கோ. பக்கத்துல நெருப்பு வைக்காத. ஆபரேஷன் தியேட்டர்ல ஒருத்தர் புருவத்தை இழந்ததை நான் பார்த்திருக்கேன்.”

ஆறு வருஷத்தில் இருவரும் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

மூன்று நாளில் மூன்று சில்லுகள் ஆயின. தேய்ப்பதற்கும் எண்ணெய்தான், தண்ணீர் கிட்டவே வரவில்லை. முதல் சில்லை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். பெரிய பெரிய படிகங்கள், உடைந்து நொறுங்கி மறுபடி ஒட்டிக்கொண்டவை, துளி நிறம் இல்லாமல் பளிங்கு மாதிரி. கசடு என்றால் குமிழி இருக்கும். பாலில் பொங்கிய நுரை உறைந்தது போல எங்கு பார்த்தாலும் ஓட்டை இருக்கும். இதில் ஒரு குமிழிகூட இல்லை.

பேராசிரியர் அறைக்குப் போய்ச் சில்லை மேசையில் வைத்தாள். நடந்ததைச் சொன்னாள். அவர் முதலில் கேட்டது, “கசடும் தண்ணி பட்டா முட்டை நாத்தம் அடிக்குமேம்மா?”

“அடிக்கும் சார். ஆனா கசடுல குமிழி இருக்கும். பாருங்க. ஒரு நிமிஷம் பத்தாது.”

கடைசி வாக்கியம் வாய் தவறி வந்துவிட்டது. அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு நுண்ணோக்கியில் குனிந்தார். சுவர்க் கடிகாரத்தில் நாற்பது நிமிஷம் ஆனது. சில்லு வைத்த மேடையைத் திருப்புவார், நிறுத்துவார், குறிப்பெழுதுவார், மறுபடி திருப்புவார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டார்.

“இதை நான் அந்த இழுப்பறையில போட்டிருப்பேன்,” என்றார். “உங்க மாமியார் இப்ப வீட்டுல இருப்பாங்களா?”

அன்று மாலையே வந்துவிட்டார். மாடியில் விரிசல் விட்ட ஓட்டைப் படம் எடுத்தார், ஆழம் அளந்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கேஸ் ஷீட்டை ஒரு வரி விடாமல் படித்தார்.

“சிஸ்டர், எடுக்கும்போது கையைச் சுட்டிருக்குமே?”

“இல்ல. ஜில்லுன்னு இருந்தது. உங்களுக்காக மாத்திச் சொல்ல முடியாது.”

பேராசிரியர் சிரித்துவிட்டார். “மாத்திச் சொல்லியிருந்தா எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். கல்லு வெளியில கோடிக்கணக்கான வருஷம் குளிர்ல கிடந்தது. காத்துக்குள்ள நுழைஞ்சா சில விநாடி மேல்தோல் மட்டும் உருகும். அப்புறம் சும்மா விழ ஆரம்பிச்சதும் அதுவும் ஆறிடும். கதை கட்டுறவங்க எல்லாரும் கொள்ளிக்கட்டை மாதிரி இருந்ததுன்னுதான் சொல்லுவாங்க.”

மருமகள் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். காது மடல் சூடானது. மாமியார் அவள் பக்கம் திரும்பவே இல்லை. அந்தப் பெருந்தன்மைதான் அவளை அதிகம் குத்தியது.

“அந்தக் கிழிஞ்ச விரிப்பு எங்கே சிஸ்டர்? அதுவும் ஆதாரம்தான்.”

“அது கட்டில்ல இருக்கு. ஓட்டையைத் தைச்சுட்டேன்.”

“தைச்சுட்டீங்களா!”

“ஏழு தையல்,” என்றார் மாமியார். “நல்ல விரிப்பு. கல்லு விழுந்துதுன்னு தூக்கிப் போட முடியுமா?”

இனிமேல் நாட்களை எண்ண வேண்டியிருந்தது. விண்வெளியில் திரியும் கல்லின்மேல் ஓயாமல் கதிர்கள் மோதும். அந்த மோதலில் சில விசேஷ அணுக்கள் உருவாகும். பூமியின் காற்றுப் போர்வைக்குள் வந்ததும் புதிதாக உருவாவது நின்றுவிடும், இருப்பது நாளுக்கு நாள் தேயும். சில வகை சில வாரங்களில் தடயமே இல்லாமல் போய்விடும். ஆலைக் கசடில் அவை இருக்க வழியே இல்லை. அவற்றை எண்ணும் கருவி இயற்பியல் துறையின் அடித்தளத்தில், ஈயச் சுவருக்குள் இருந்தது. அதைக் காவல் காத்த ஆய்வாளர் கறார் பேர்வழி. ஆறு மாதத்துக்கு வரிசை இருக்கிறது, யாராக இருந்தாலும் வரிசையில்தான் வரணும் என்றார்.

பேராசிரியர் வாதாடிப் பார்த்தார். ஆய்வாளர் மசியவில்லை. அவள் கேஸ் ஷீட்டின் நகலை அவர் முன்னால் வைத்தாள். அவர் வேண்டாவெறுப்பாக எடுத்துப் படித்தார். ‘மாற்றமில்லை’ வரிசையில் அவர் உதடு அசைந்தது.

“யார் எழுதினது?”

“எங்க மாமியார் சார். நர்ஸ்.”

“என்கிட்ட இருக்கிற ஆராய்ச்சி மாணவங்க ஒருத்தராவது இப்படி எழுதியிருப்பாங்களா,” என்று அலுத்துக்கொண்டே எழுந்து போய், ஈயப் பெட்டியில் இருந்த தன் சொந்த மாதிரியை வெளியே எடுத்தார். “அஞ்சு நாள். அதுக்கு மேல ஒரு மணி நேரம்கூடக் கிடையாது.”

ஐந்தாம் நாள் அவரே படியேறி மேலே வந்தார். அடித்தளத்துக்காரர் மேலே வந்ததைத் துறையில் யாரும் பார்த்ததில்லை. வரைபடத்தை விரித்து, அந்த விசேஷ அணுக்களைக் காட்டும் மூன்று சிகரங்களைப் பேனாவால் தட்டினார். “கசடா? இது ஒரு மாசத்துக்கு முன்னாடி வரைக்கும் பூமியிலேயே இல்ல.”

அந்தச் சனிக்கிழமை மாமியார் முதல் தடவையாக மருமகள் வேலை செய்யும் இடத்துக்கு வந்தார். ரம்பம், தேய்ப்புப் பலகை, பசை உலர்த்தும் அடுப்பு, சுவரோரம் அடுக்கடுக்காகக் கண்ணாடிச் சில்லுகள். ஒவ்வொரு பெட்டியிலும் பெயரும் தேதியும் எழுதிய சீட்டு, ஒரே அளவில், ஒரே கையெழுத்தில். மாமியார் அவற்றின் முன் நின்று நிதானமாகப் படித்தார்.

“எல்லாத்துக்கும் லேபிள் ஒட்டி வச்சிருக்க,” என்றார்.

“ஆமாம்த்தை. இல்லன்னா குழம்பிடும்.”

“குழம்பிடும்,” என்று ஒத்துக்கொண்டார் மாமியார், முகத்தைக் கறாராக வைத்துக்கொண்டு. ஒரு விநாடி இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது யார் என்று பின்னால் இருவரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள்.

நுண்ணோக்கியில் கண்ணை வைக்கச் சொல்லி, அவள் மேடையை மெல்லச் சுற்றினாள். சாம்பலாக இருந்த படிகம் வெளுத்தது, வெளுத்தது இருண்டது; ஒன்று அணைய இன்னொன்று விழித்தது.

“மூச்சு விடுற மாதிரி இருக்கு,” என்றார் மாமியார். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

அடுத்த கட்டம் வேறொரு நகரத்தில் நடந்தது. எலக்ட்ரான் கற்றையை ஊசிமுனையாகப் பாய்ச்சி, ஒவ்வொரு மணியிலும் என்னென்ன தனிமம் எவ்வளவு என்று சொல்லும் கருவி அங்கேதான் இருந்தது. அதை இயக்கிய பெண் ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் பேராசிரியரைக் கேட்காமல் சில்லக்காவைக் கேட்டாள்.

“அக்கா, சில்லு செஞ்சது நீங்கதானே? ஒரு கீறல் இல்ல. அந்தப் பழுப்பு மணி அப்படியே உசுரோட இருக்கு. கால்சியமும் கந்தகமும்.”

“மத்ததெல்லாம்?”

“அதைத்தான் சொல்ல வந்தேன். அந்த வெள்ளைப் படிகத்துல இரும்பைத் தேடித் தேடிக் கண்ணு பூத்துப்போச்சு. சுத்தமா இல்ல. ஆனா நடுவுல உலோகத் துணுக்கு இருக்கே, அதுல இரும்பு இருக்கு, அந்த இரும்புக்குள்ள சிலிக்கான் கரைஞ்சு கிடக்கு. நம்ம ஊர்க் கல்லுல சிலிக்கான் ஆக்சிஜனை விட்டு நகருமா?”

நகராது என்று அவளுக்கே தெரியும். பேராசிரியர் அன்று கரும்பலகையில் படம் போட்டு எல்லாருக்கும் விளக்கினார். ஆக்சிஜன் பஞ்சத்தில் பிறந்த கல் இது. இருக்கும் கொஞ்ச ஆக்சிஜனை மக்னீசியமும் சிலிக்கானும் அள்ளிக்கொள்ள, இரும்புக்குக் கிடைக்கவில்லை; ஆக்சிஜன் கிடைக்காமல் மிஞ்சிய சிலிக்கான் இரும்புக்குள் கரைந்தது. கால்சியம்கூடக் கந்தகத்தோடு ஒண்டிக்கொண்டது. அதனால்தான் கறுப்புத் தோல் இல்லை. கறுப்பைத் தருவது இரும்பு. உலோகம் தூவினாற்போலத்தான் இருந்தது, அதனால் காந்தமும் ஏமாந்தது. இந்த வகைக்கு ஆப்ரைட் என்று பெயர். இதுவரை பதிவான விண்கற்கள் எத்தனையோ ஆயிரம். அதில் ஆப்ரைட் நூறைத் தாண்டாது. விழும்போது கண்ணால் பார்த்து எடுத்தவை ஒரு டஜன் சொச்சம்.

“அந்த ஒரு டஜனோட நம்ம சிஸ்டரும்,” என்றார்.

நடுவில் ஒரு நாள் கணவன் கப்பலிலிருந்து அழைத்தான். மாமியார் பேசும்போதே மருமகள் குறுக்கே பேச, மருமகள் பேசும்போது மாமியார் திருத்தினார். அவன் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “நான் சரியான நம்பருக்குத்தான் போட்டிருக்கேனா?” என்றான்.

கடைசியாக ஒரு சோதனை பாக்கி இருந்தது. ஆக்சிஜன் அணுக்களில் கனமானவை, லேசானவை என்று வகைகள் உண்டு. அவற்றின் விகிதம் ஒவ்வொரு கிரகத்துக்கும் ஒரு மாதிரி. கடல் கடந்த ஆய்வகம் ஒன்றிலிருந்து இரண்டு மாதம் கழித்து விடை வந்தது. பேராசிரியர் வெளியூரில் இருந்ததால் மின்னஞ்சலை அவள்தான் முதலில் திறந்தாள். வரைபடத்தில் பூமியின் பாறைகளுக்கென்று ஒரு கோடு. அவர்களுடைய கல்லின் புள்ளி அந்தக் கோட்டின்மேல் அச்சாக உட்கார்ந்திருந்தது.

பூமிக்கல் என்று ஆகிவிட்டதா? மாமியாரிடம் எந்த முகத்தோடு சொல்வது? பேராசிரியரைத் தொலைபேசியில் பிடித்தாள்.

அந்தப் பக்கத்திலிருந்து வந்தது சிரிப்பு. “பயந்துட்டீங்களா? அங்கேதாம்மா விழணும்! ஆப்ரைட் எல்லாமே பூமியோட கோட்டுலதான் உட்காரும். வேற எங்கேயாவது விழுந்திருந்தாத்தான் நமக்குத் தலைவலி.”

வீட்டுக்கு வந்து அதை மாமியாருக்குப் புரிய வைக்கத் தனக்குத் தெரிந்த மட்டில் முயன்றாள். “ரத்த வகை மாதிரின்னு வச்சுக்கோங்கத்தை. அதுக்கும் பூமிக்கும் ஒரே வகை.”

“ரத்த வகை ஒண்ணுன்னா சொந்தமா?”

“பக்கத்துல பக்கத்துல பொறந்திருக்கலாம்னு சொல்றாங்க. பூமி உருவானதே இந்த மாதிரி சரக்கு சேர்ந்துதான்னு ஒரு கட்சி இருக்கு.”

மாமியார் யோசித்தார். “அப்போ வழி தவறி வந்ததுன்னு சொல்லாத. ரொம்ப நாள் கழிச்சு வீட்டுக்கு வந்திருக்கு.”

விண்கற்களுக்குப் பெயரிடும் உலகக் குழுவுக்கு விண்ணப்பம் போனது. கல் விழுந்த பகுதியின் பெயரையே கல்லுக்கும் வைப்பது அவர்கள் வழக்கம். விழுந்த விவரத்துக்கு இரண்டு பத்தி ஒதுக்குவார்கள். பேராசிரியர் அந்த இரண்டு பத்தியை எழுத மூன்று தடவை உட்கார்ந்தார். கடைசியில் கேஸ் ஷீட்டை மொழிபெயர்த்து அப்படியே போட்டுவிட்டார், ‘சுமார்’ உட்பட. வகைப்படுத்தியவர்கள் என்ற இடத்தில் மூன்று பெயர்கள்: அவருடையது, எலக்ட்ரான் கருவிக்காரப் பெண்ணுடையது, மூன்றாவதாகச் சில்லக்காவின் முழுப்பெயர். எழுத்துச் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லித் தாளை நீட்டினார். அவள் ஒவ்வொரு எழுத்தாக மூன்று தடவை பார்த்தாள்.

“சார், நான் சில்லுதானே செஞ்சேன்?”

“நான் ஒரு நிமிஷம்தானேம்மா பார்த்தேன்?” என்றார் அவர்.

குழு ஆறு வாரத்தில் ஏற்றுக்கொண்டது. ஒருவரும் எதிர்த்து வாக்களிக்கவில்லை. கல்லை வாங்க இரண்டு வியாபாரிகள் வீட்டுக்கே வந்தார்கள்; மாமியார் அவர்களுக்கு டீ கொடுத்து, ரத்த அழுத்தமும் பார்த்து அனுப்பிவைத்தார். கல் முழுவதையும் பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை: கண்ணாடிப் பெட்டிக்குள் ஈரம் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதை யார் தினமும் பார்க்கிறார்கள் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும்.

இதற்கிடையில் அந்தக் கடல் கடந்த ஆய்வகத்திலிருந்து இன்னொரு கடிதம் வந்திருந்தது. தண்ணீர் பட்டால் கெட்டுப்போகும் கற்கள் அவர்களிடம் பெட்டி பெட்டியாக இருக்கின்றனவாம். அந்தப் பழுப்பு மணிகளை இவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றிய சில்லை அவர்கள் பார்த்ததில்லையாம். ஆறு வாரம் வந்து, செய்முறையைத் தங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். அவள் கடிதத்தைப் பையிலேயே நாலு நாள் வைத்துக்கொண்டு திரிந்தாள். ஐந்தாம் நாள் சாப்பாட்டு மேசையில் வெளியே எடுத்தாள்.

“உங்களைத் தனியா விட்டுட்டு எப்படித்தை போறது?”

மாமியார் கடிதத்தை முன்னும் பின்னும் பார்த்தார். “நீ இந்த வீட்டுல இருக்கும்போதே ஆறு வருஷம் நான் தனியாத்தான் இருந்தேன். ஆறு வாரத்துல ஒண்ணும் குறைஞ்சு போயிடாது. தினம் ஒரு போன் பண்ணு.”

“நானும்தான் தனியா இருந்தேன்,” என்றாள்.

“தெரியும்,” என்றார் மாமியார். “பாஸ்போர்ட் இருக்கா?”

இல்லை. மறுநாளே இருவருமாகப் புகைப்படக் கடைக்குப் போனார்கள். வெள்ளைத் திரைக்கு முன்னால் முக்காலியில் உட்கார வைத்து, தாடையைத் தூக்கச் சொல்லி, காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கச் சொல்லிப் புகைப்படக்காரர் ஆயிரம் சட்டம் பேசினார்.

“மேடம், சிரிக்கக் கூடாது. சிரிச்சா திருப்பி அனுப்பிடுவாங்க.”

முதல் படம் பாழ். இரண்டாவதும் பாழ். “என்னம்மா நீ, சின்னப் பிள்ளையா?” என்று மாமியார் அதட்டினார். அதட்டியவர் குரலிலேயே சிரிப்பு முட்டியது. புகைப்படக்காரர் கேமராவிலிருந்து தலையைத் தூக்கி, “பெரியம்மா, நீங்க கொஞ்சம் வெளியில நில்லுங்க, நீங்க இருக்கிற வரைக்கும் இது ஆகாது,” என்றார்.

மாமியார் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய் நின்றார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், தெருவைப் பார்த்து, முதுகைக் காட்டிக்கொண்டு. அந்த முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது படமும் பாழ்.